இயக்குநர் பதவியிலிருந்து விலகுவது பற்றி விவரம் தேவை

வணக்கம். என் தங்கை ஒரு சின்ன பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் இயக்குநர். மொத்தமே இரண்டு இயக்குநர்கள்தான். இவளுக்குப் பேருக்குத்தான் பதவி. இவளுடைய டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்கூட மற்றவரின் மேஜை டிராயரில்தான் கிடக்கிறது. இரண்டு வருஷமாக ஆண்டுக் கணக்கு தாக்கல் ஆகவில்லை. மூன்றாவது வருஷமும் விட்டுப்போனால் 2013 கம்பெனிச் சட்டத்தின் 164(2) பிரிவில் தகுதியிழப்பு வரும். அதுதான் எங்கள் பயமே.

பதவியில் இருந்த காலத்துத் தவறுகளுக்கான பொறுப்பு ராஜினாமாவால் போய்விடாது என்று தெரியும். கடிதம் பதிவுத் தபாலில் அனுப்பியாகிவிட்டது. இயக்குநர் விலகியதைக் கம்பெனி பதிவாளருக்குத் தெரிவிக்கும் டிஐஆர்-12 படிவத்தை மற்றவர் தாக்கல் செய்ய மறுக்கிறார், அநியாயம். விலகும் இயக்குநர் தானே தாக்கல் செய்யும் டிஐஆர்-11 படிவத்தை அவள் போட்டால் பதிவாளர் ஆவணத்தில் பெயர் நீங்குமா? இருவரில் ஒருவர் விலகுவது தடையாகுமா? இப்படி விலகியவர்கள், கம்பெனி செக்ரட்டரிகள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.