மறு: கிளியாவுக்குத் தமிழில் என்ன சொல்? பசையணு வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம்.

மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பணுக்களை (நியூரான்களை) சுற்றியிருக்கும் அணுக்கள்தான் கிளியா. அவற்றுக்குத் தமிழ்ப்பெயராக ஐயா முன்வைத்த ‘பசையணு’வில் மொழிப்பிழை ஏதும் இல்லை. கிரேக்கத்தில் கிளியா என்றால் பசைதான். 1850களில் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ, நரம்பணுக்களுக்கு நடுவே இருப்பது வெறும் ஒட்டுப்பொருள் என்று எண்ணி வைத்த பெயர் அது. அவர் எண்ணியது சரியில்லை என்று தெரிந்த பிறகும் அதையே ஏன் தமிழாக்க வேண்டும்?

அடுத்து வந்த ‘தாங்கணு’, ‘துணையணு’ இரண்டும் காதுக்கு நன்றாக இருக்கின்றன. ஆனால் இயக்க நரம்பணு நோய் பற்றிய கட்டுரையில் போட்டுப் பார்த்தேன், காலை வாரிவிட்டன. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் சிறிது சிறிதாகச் செத்துப்போகும் நோய் அது. ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு வந்தது. கோளாறு நரம்பணுவுக்குள்ளேதான் என்று வெகுநாள் நம்பினார்கள். 2003-ல், இந்நோயோடு தொடர்புள்ள எஸ்ஓடி1 என்ற மரபணுவில் பிழையுள்ள அணுக்களும் பிழையில்லாத அணுக்களும் ஒரே உடலில் கலந்திருக்கும் சுண்டெலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். அக்கம்பக்கம் நல்லதாக அமைந்தால் பிழையுள்ள நரம்பணுவும் கூடுதல் நாள் தாக்குப்பிடித்தது. 2006-ல் இன்னொன்று: பிழை மரபணுவை இயக்க நரம்பணுவிலிருந்து மட்டும் நீக்கினால் நோய் தொடங்குவது தள்ளிப்போகிறது. மைக்ரோகிளியா என்ற கிளியா வகையிலிருந்து நீக்கினால் தொடக்கம் பெரிதாக மாறுவதில்லை, தொடங்கிய பின் நோயின் வேகம் குறைகிறது. மறு ஆண்டே, பிழையுள்ள ஆஸ்ட்ரோசைட்டுகளோடு (இன்னொரு கிளியா வகை) சேர்த்து வளர்த்தால் நல்ல இயக்க நரம்பணுக்களும் மடிகின்றன என்று ஆய்வகத் தட்டிலேயே காட்டிவிட்டார்கள்.

‘துணையணுக்கள் நரம்பணுக்களைக் கொல்கின்றன’ என்று எழுதிவிட்டு நானே சிரித்தேன். அதற்காக வில்லன் பெயரும் வைக்க முடியாது. நல்ல நாளில், நரம்பணுக்களின் சந்திப்பில் மிஞ்சும் குளுட்டமேட் என்ற செய்தி கடத்தும் வேதிப்பொருளை உறிஞ்சி அகற்றுவதும் இந்த ஆஸ்ட்ரோசைட்டுகள்தான்.

ஆகவே குணத்தை விட்டுவிட்டு, இருக்கும் இடத்தை வைத்துப் பெயரிடலாம். என் பரிந்துரை ‘சூழணு’. சூழ்தல் என்றால் சுற்றி நிற்பது; பழந்தமிழில் கலந்து ஆராய்வதும் சூழ்தல்தான்; சூழ்ச்சியும் அதே வேரில் வந்தது. இந்த அணுக்கள் மூன்றையும் செய்கின்றன! (திட்டமிட்டு வரவில்லை, பேருந்தில் தோன்றியது.)

கூட்டுச்சொல்லுக்கும் வளைந்துகொடுக்கிறது. மைக்ரோகிளியா நுண்சூழணு. ஆஸ்ட்ரோசைட், விண்மீன் வடிவம் என்பதால், உடுச்சூழணு. ‘நுண்பசையணு’வைச் சொல்லிப் பாருங்கள், ஸ்டேஷனரி கடைச் சாமான் போல இல்லையா?

‘அணு என்றால் ஆட்டம் (atom) அல்லவா’ என்று இயற்பியல் நண்பர்கள் வருவார்கள், தெரியும். நரம்பணு, உயிரணு எல்லாம் புழங்கி முடித்த பிறகு அந்தச் சண்டை வேண்டாமே.

சில கிளைகளே உள்ள ஒலிகோடென்ட்ரோசைட் என்ற கிளியா வகையில்தான் மாட்டிக்கொண்டேன். ‘சில்கிளைச் சூழணு’ என்று எழுதினேன், வாய் குழறுகிறது. தாவரவியல்காரர்கள் யாராவது கிளைக்கு ஒரு குட்டிச் சொல் தந்தால் நல்லது.