தூத்துக்குடிக்கு அரை நாள் போதுமாம்!

உப்புக்காற்று: "திருச்செந்தூர் போகிற வழியில் தூத்துக்குடியில் அரை நாள் நின்றால் போதும், தேங்காய் மக்ரூன் வாங்குவதைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை" என்று ஊர்சுற்றி நேற்று எழுதியதைப் படித்து மனசே ஆறவில்லை. பனிமய மாதா கோயில் 1713இல் கட்டியது, விடியற்காலையில் மீன் ஏலம், உப்பளம், சாயங்காலம் முயல் தீவு, இதற்கே ஒரு நாள் ஆகும். மறுநாள் பாஞ்சாலங்குறிச்சி, ஒட்டப்பிடாரம், எட்டயபுரம். மூன்றாம் நாள் மணப்பாடு. எங்கே இருக்கிறது உங்கள் அரை நாள்?

ஊர்சுற்றி: மணப்பாட்டை ஏன் இழுக்கிறீர்கள்? அது திருச்செந்தூரையும் தாண்டி இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல். அதைச் சேர்த்தால்தான் மூன்று நாள் கணக்கு வருகிறது போல.

உப்புக்காற்று: மணப்பாடு எந்த மாவட்டம்? தூத்துக்குடி மாவட்டம். எட்டயபுரமும் 40 கிலோமீட்டருக்கு மேல்தான், அதை ஏன் கேட்கவில்லை? நீங்கள் மணப்பாட்டுக்குப் போனதே இல்லை என்று தெரிகிறது. மணல் மேட்டில் ஏறி 1581இல் கட்டிய திருச்சிலுவைக் கோயில் வாசலில் நில்லுங்கள், ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கழிமுகத்துத் தண்ணீர், காற்று சட்டையைப் பிடித்து இழுக்கும். கீழே சவேரியார் தங்கிய குகை. அப்புறம் பேசுங்கள் அரை நாள் என்று.

நெல்லைவாசி: மாவட்டக் கணக்கு பார்த்தால் 1986 வரைக்கும் இது எல்லாமே எங்கள் நெல்லை மாவட்டம்தான் அண்ணாச்சி. பிரிந்து போனவர்கள் இவ்வளவு சத்தம் போட வேண்டாம்.

உப்புக்காற்று: வந்துவிட்டார்! அல்வாவைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே, உங்களுக்கு ஏன் இந்தக் கோபம்? போன மாதம் பரோட்டா பேச்சிலும் இதே வேலைதான் செய்தீர்கள். இன்னொன்று, அது தேங்காய் மக்ரூன் இல்லை ஊர்சுற்றி. முந்திரி, சீனி, முட்டை வெள்ளைக்கரு, அவ்வளவுதான். நுரைக்க அடித்து, காகிதக் கூம்பில் போட்டுப் பிழிந்து, நுனி கூராக நிற்க வேண்டும். வாயில் போட்டால் கரைய வேண்டும். மக்ரூனே தெரியாதவர் ஊருக்கு நாள் கணக்குப் போடுகிறார்.

ஊர்சுற்றி: முந்திரி என்றே வைத்துக்கொள்வோம். மணப்பாடு தூத்துக்குடி இல்லை. 50 கிலோமீட்டர்.

கடலைமிட்டாய்: உப்பளம் பார்க்க ஐப்பசி, கார்த்திகையில் யாரும் போய்விடாதீர்கள். மழைக்காலத்தில் வெறும் தண்ணீர்தான் நிற்கும். பங்குனி, சித்திரையில் அதிகாலையிலேயே போங்கள், வெயில் ஏறினால் வெள்ளை உப்பில் கண் கூசும்.

உப்புக்காற்று: அதைத்தான் நானும் சொல்கிறேன், காலம் பார்த்து நிதானமாக வர வேண்டிய ஊர். ஜூலை 26இல் மாதா கோயிலில் கொடி ஏறினால் ஆகஸ்ட் 5 வரை ஊரே திருவிழா. அதையும் அரை நாளில் முடித்துவிடுவாரா?

நெல்லைவாசி: பரோட்டாவில் நான் சொன்னது சரிதான். இன்னும் பதில் வரவில்லை.

புதுப்பயணி: அம்மாவை அழைத்துக்கொண்டு தையில் வருகிறேன். தூத்துக்குடியிலிருந்து மணப்பாட்டுக்கு பஸ் உண்டா அண்ணா?

உப்புக்காற்று: தாராளமாக வாங்க தம்பி. திருச்செந்தூர் போய் இறங்கி, அங்கிருந்து பஸ் மாறிக்கொள்ளலாம்.

ஊர்சுற்றி: திருச்செந்தூர் போய்! அவரே சொல்லிவிட்டார்.

உப்புக்காற்று: பஸ் மாறினால் மாவட்டம் மாறிவிடுமா? மணப்பாடு தூத்துக்குடிதான். நூறு தடவை கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.