கனடாவில் வீட்டு இணையத் தொலைபேசி: ரிங் போகுது, குரல் வரலை

கேள்வி: மிசிசாகாவில் புதுசாக நெட் எடுத்து, பழைய டெலிபோனை நெட்டோடு இணைக்கும் ஏடிஏ பெட்டியில் மாட்டியிருக்கிறேன். சென்னைக்குப் போட்டால் ரிங் போகிறது. நான் பேசுவது அங்கே கேட்கிறது, அவர்கள் குரல் எனக்கு வரவில்லை. சில அழைப்புகள் அரை நிமிஷத்தில் தானாகவே கட்டாகின்றன. நெட் வேகம் 300 எம்பிபிஎஸ். பிளானை மாற்றணுமா?

பதில்: வேண்டாம் தம்பி. ஜி.711 கோடெக்கில் (குரலை டிஜிட்டலாக்கும் முறை) ஒரு அழைப்புக்குப் போக 87 கேபிபிஎஸ், வர 87 கேபிபிஎஸ், அவ்வளவுதான். உங்கள் கோளாறு நேட்டில் (NAT), அதாவது வீட்டுச் சாதனங்கள் எல்லாம் ஒரே வெளி முகவரியைப் பகிர ரவுட்டர் செய்யும் முகவரி மாற்றத்தில்.

ஒரே அழைப்பு இரண்டு வழியில் போகிறது. மணி அடி, எடுத்தாச்சு, வை என்ற தகவல்களைச் சுமப்பது சிப் (SIP) என்ற நெறிமுறை. வழக்கமாக யூடிபி 5060 போர்ட் (முகவரியில் இருக்கும் எண்ணிட்ட வாசல்). குரல் ஆர்டிபி என்ற நெறிமுறை வழியாக வேறு போர்ட்டில், விநாடிக்கு 50 பாக்கெட்டாகப் போகும். குரலை எந்த முகவரிக்கு, எந்த போர்ட்டுக்கு அனுப்புவது என்பது சிப் செய்திக்குள்ளே எஸ்டிபி என்ற பகுதியில் இருக்கும். ஏடிஏ அங்கே 192.168 என்று தொடங்கும், வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரியை எழுதிவிட்டால், வெளியே இருக்கிற சேவை நிறுவன சர்வர் குரலை எங்கே அனுப்பும்? ரிங் போயும் குரல் வராதது இதனால்தான்.

அரை நிமிஷக் கட்டும் இதே குடும்பம். போனை எடுத்ததும் அந்த முனை "200 ஓகே" அனுப்பி, பதிலுக்கு ஏக் (ACK, கிடைத்தது என்ற ஒப்புதல்) வரும் என்று காத்திருக்கும். வராவிட்டால் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்து 32 விநாடியில் கைவிட்டுவிடும். கடிகாரம் வைத்துப் பாருங்கள். சரியாக 32 என்றால் சந்தேகமே வேண்டாம்.

முதலில் ரவுட்டரில் சிப் ஏஎல்ஜி (சிப் செய்திகளைத் திருத்தும் வசதி) இருந்தால் அணைத்துவிட்டு, ரவுட்டரையும் ஏடிஏவையும் ரீஸ்டார்ட் பண்ணுங்கள். நேட்டுக்கு உதவத்தான் அதை வைத்தார்கள். பாதி வீட்டில் அதுவே வில்லன். அடுத்து ஏடிஏவில் நேட் கீப்அலைவை (வழி மூடாமல் இருக்க அவ்வப்போது அனுப்பும் சிறு பாக்கெட்) 20 விநாடிக்கு வையுங்கள், இல்லாவிட்டால் ரவுட்டர் வழியை மூடிவிடும், வருகிற அழைப்பு அடிக்காது. ஏடிஏவுக்கு அதன் வெளி முகவரியைச் சொல்லும் ஸ்டன் சர்வரின் முகவரியை உங்கள் சேவை நிறுவனம் கொடுத்திருந்தால் மட்டும் போடுங்கள்.

அப்படியும் சரியாகவில்லையா? ரவுட்டரின் வான் (WAN, நெட் பக்க) முகவரியைப் பாருங்கள். 192.168 அல்லது 10 என்று தொடங்கினால் பெரும்பாலும் மோடமும் ஒரு ரவுட்டராக வேலை செய்கிறது. மோடத்தை பிரிட்ஜ் மோடுக்கு (நேட் செய்யாமல் நெட்டை அப்படியே ரவுட்டருக்குக் கடத்தும் நிலை) மாற்றுங்கள். 100.64 முதல் 100.127 வரை என்றால் நெட் கம்பெனியே நேட் போட்டிருக்கிறது, அவர்களிடம் பொது ஐபி கேளுங்கள்.

ஏடிஏ லாகில் (நிகழ்வுக் குறிப்பு) சர்வரின் பதில் எண்ணாக 401 வந்தால் பயப்படாதீர்கள், ஏடிஏ சர்வரில் பதிவாகும்போது முதல் படியே அதுதான். 403 என்றால் பெரும்பாலும் பாஸ்வேர்டு அல்லது கணக்கு, 488 என்றால் பெரும்பாலும் கோடெக் பொருந்தவில்லை.

இன்னொருவர்: குரல் வந்த பிறகு கவனிக்க வேண்டியவை. யாராவது வீடியோ அப்லோட் பண்ணும்போது மட்டும் குரல் உடைந்தால், ரவுட்டரில் எஸ்க்யூஎம் (நெரிசலில் பாக்கெட் வரிசையைச் சீராக்கும் வசதி) போட்டு அப்லோடை நிஜ வேகத்தில் 90 சதவீதத்துக்குக் கட்டுங்கள். ஒரு வழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருப்பது நல்லது. சென்னைக்கு அதைத் தாண்டினால் செட்டிங் எதுவும் காப்பாற்றாது, ஒருவர் முடித்ததும் மற்றவர் பேசுங்கள்.

பேங்க் ஐவிஆர் (தானியங்கிக் குரல் மெனு) நீங்கள் அழுத்தும் எண்களை ஏற்காவிட்டால், டிடிஎம்எஃப்பை (பட்டன் ஒலி) குரலோடு கலந்து போகும் இன்பேண்டிலிருந்து, தனிப் பாக்கெட்டாகப் போகும் ஆர்எஃப்சி 2833க்கு ஏடிஏவில் மாற்றுங்கள். நடுராத்திரி 1000, 100 மாதிரி எண்ணிலிருந்து அடித்தால் அது 5060 போர்ட் திறந்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் ஸ்கேனர் நிரல். சேவை நிறுவன சர்வரிலிருந்து மட்டும் அழைப்பை ஏற்கும்படி வையுங்கள். ஏடிஏவின் போன் போர்ட்டைச் சுவரில் இருக்கிற பழைய டெலிபோன் பாயின்ட்டில் செருகாதீர்கள், அதில் கம்பெனி லைன் மின்னழுத்தம் இருந்தால் பெட்டி எரியும்.

911 விஷயத்தில் அலட்சியம் கூடாது. சேவை நிறுவனத்தின் கணக்கில் வீட்டு முகவரியை அபார்ட்மென்ட் எண்ணோடு பதிவு செய்யுங்கள். வீடு மாறினால் அன்றே மாற்றுங்கள். கரண்ட் போனால் இந்த போன் செத்துவிடும். யூபிஎஸ் வாங்கினால் மோடம், ரவுட்டர், ஏடிஏ மூன்றையும் அதில் மாட்டுங்கள்.