‘சரி’ என்று பதில் போட்டால் வீடு விற்றதாகிவிடுமா?

சாவிக்கொத்து: நேற்று இங்கே ஒருவர், “ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதவரை வீட்டை விற்பவர் எப்போது வேண்டுமானாலும் பின்வாங்கலாம், யாரும் கேட்க முடியாது” என்று தீர்ப்பே எழுதிவிட்டுப் போனார். படித்ததிலிருந்து எரிகிறது. போன மாதம் நான் ஒரு வீட்டுக்கு விலை பேசினேன். தொகையை எழுதி “முடித்துக்கொள்ளலாமா?” என்று கேட்டேன். “சரி.” என்று பதில் வந்தது. அதை நம்பிக் கடனுக்கு விண்ணப்பித்து, வக்கீலுக்கும் மதிப்பீட்டாளருக்கும் பணம் கட்டிய பிறகு, மனசு மாறிவிட்டதாம்!

நிலைக்கதவு: அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். காதில் விழுந்தது என்பதற்கும் நாம் “சரி” என்றுதான் சொல்கிறோம். கையெழுத்து இல்லையா, கதை முடிந்தது.

சாவிக்கொத்து: “முடித்துக்கொள்ளலாமா” என்று கேட்டதற்கு வந்த “சரி” அது. காதில் விழுந்ததாம்!

கல்தூண்: எந்த நாட்டுக் கதை என்று சொல்லாமலே அடித்துக்கொள்கிறீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்தும் வேண்டும். அங்கே கடைசி நேரத்தில் கூடுதல் விலை கொடுப்பவரிடம் விற்பவர் தாவுவதற்கு ‘கசம்பிங்’ என்று பெயரே உண்டு. இந்தியாவில் வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும், உச்ச நீதிமன்றம் 1990இல் சொன்னதுதான். ஆனால் நிரூபிக்கும் சுமை வழக்குப் போடுபவர் தலையில், அதுவும் லேசான சுமை இல்லை.

சாவிக்கொத்து: பார்த்தீர்களா, செல்லும்!

நிலைக்கதவு: “ஆனால்” வந்ததும் கண்ணை மூடிக்கொண்டீர்கள் போல. முன்பணம் எவ்வளவு, பத்திரம் எப்போது, பழைய கடனை யார் அடைப்பது, ஒன்றும் பேசவில்லை. ஒரு “சரி”யை வைத்துக்கொண்டு வழக்கா?

சாவிக்கொத்து: வெறும் “சரி” இல்லை. முற்றுப்புள்ளி வைத்த “சரி”.

கல்தூண்: கையெழுத்தான ஒப்பந்தமே வீட்டை உங்களுடையதாக்காது. இந்தியாவின் 1882 சொத்துரிமை மாற்றுச் சட்டம், 54வது பிரிவு. இதில் முற்றுப்புள்ளியாம்.

ஓட்டுக்கூரை: விற்பவர்தான் எப்போதும் வில்லனா? என்னிடம் நாலு மாதம் இழுத்தடித்துவிட்டு, நகம்கூட நுழையாத ஒரு சுவர் விரிசலைப் படம் எடுத்து அனுப்பி விலையைக் குறைக்கச் சொன்னார்கள். விற்கவில்லை, போங்கள் என்றேன்.

சாவிக்கொத்து: நீங்களும் அந்தக் கூட்டம்தானா! முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தீர்களா?

ஓட்டுக்கூரை: அன்றைக்கே. கேட்க நீங்கள் யார்?

நிலைக்கதவு: விடுங்கள், வாடகை விவாதத்திலும் இவர் இப்படித்தான் குதித்தார். கடைசியில் மன்னிப்புக் கேட்டார்.

சாவிக்கொத்து: மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. “தெரியாமல் சொல்லிவிட்டேன்” என்றேன். அது வேறு, இது வேறு.

நிலைக்கதவு: ஆக, “சரி”க்கு ஒரே அர்த்தம். உங்கள் வாக்கியத்துக்கு மட்டும் இரண்டு. பிரமாதம்.

சாவிக்கொத்து: கையெழுத்தைத் தவிர வேறு எதையும் மதிக்காதவரோடு என்ன பேச்சு? வாய்ச்சொல்லுக்கு மதிப்பு இருக்கும் வீட்டில் வளர்ந்தவன் நான்.

ஓட்டுக்கூரை: எங்கள் வீட்டில் நாங்கள் என்ன, பொய் சொல்லியா வளர்ந்தோம்?

கல்தூண்: செலவுக் கணக்கை எழுதி அந்த விற்பவரிடமே கேட்டீர்களா?

சாவிக்கொத்து: கேட்டேன். “சரி பார்க்கலாம்” என்றார்.

நிலைக்கதவு: அப்புறம் என்ன, பணம் வந்த மாதிரிதான். “சரி” என்றால் சரிதானே?

சாவிக்கொத்து: இதில் முற்றுப்புள்ளி இல்லை.