டூம்ஸ்டே கிளாக் "தாமதமே ஆகவில்லை"யாம்!

பழையகட்டு: "டூம்ஸ்டே கிளாக் தாமதமே ஆகவில்லை, படிக்கிறவர்களுக்குத்தான் பொறுமை இல்லை" என்று நேற்று இங்கே நம் நீலமனிதன் திருவாய் மலர்ந்திருக்கிறார். 'வாட்ச்மென்' காமிக்ஸின் தொடர்ச்சியாக டிசி கம்பெனி போட்ட தொடர் இது, மொத்தம் 12 இதழ். முதல் இதழ் 2017 நவம்பர், கடைசி இதழ் 2019 டிசம்பர். சூப்பர்மேனும் வாட்ச்மென் கதையின் டாக்டர் மன்ஹாட்டனும் நேருக்கு நேர் நிற்பதைப் பார்க்கத்தானே எல்லோரும் வாங்கினோம்? கதை முடியப்போகிற நேரத்தில்தான் இருவரும் முகம் கொடுத்துப் பேசவே ஆரம்பிக்கிறார்கள். இது தாமதம் இல்லையென்றால் எது ஐயா தாமதம்?

நீலமனிதன்: மூன்றாம் இதழ் வந்த மாதமே, இனி இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று அறிவித்துவிட்டார்கள். சொல்லிவிட்டுச் செய்தால் அது தாமதம் ஆகாது. விவரம் தெரியாமல் பொங்க வேண்டாம்.

பழையகட்டு: சரி, உங்கள் கணக்கிலேயே வருகிறேன். 4ஆம் இதழ் 2018 மார்ச். இரண்டிரண்டு மாதமாக எண்ணினால் 12ஆம் இதழ் 2019 ஜூலையில் வந்திருக்க வேண்டும். வந்தது டிசம்பர். 10ஆம் இதழ் மே கடைசி, 11ஆம் இதழ் செப்டம்பர். உங்கள் காலண்டரில் இரண்டு மாதத்துக்கு எத்தனை நாள்?

மசித்துளி: ஓவியர் கேரி ஃபிராங்க் பென்சில், மை இரண்டையும் தனி ஆளாகப் போட்டார். பக்கத்துக்குப் பக்கம் ஒன்பது கட்டம் வேறு. நடுவில் வேறு ஓவியரைச் சொருகியிருந்தால் முதல் ஆளாகக் கத்தியிருப்பது பழையகட்டு அண்ணன்தான்.

பழையகட்டு: 1985இல் இதே டிசியின் 'க்ரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' 12 இதழும் ஜார்ஜ் பெரெஸ்தான் வரைந்தார். மாதாமாதம் வந்தது. பக்கத்தைத் திறந்தால் நிற்க இடமில்லாத அளவுக்கு ஹீரோக்கள்.

மசித்துளி: அவருக்கு மை போட ஜெர்ரி ஆர்ட்வே மாதிரி ஆட்கள் இருந்தார்கள். அதை மட்டும் வசதியாக விட்டுவிட்டீர்கள்.

பழையகட்டு: இவர்களை ஆள் வைக்கக்கூடாது என்று யார் கையைப் பிடித்தது? நான் ஓவியரைச் சொல்லவே இல்லை தம்பி. பாதிகூட வரைந்து முடிக்காமல் விற்க ஆரம்பித்தவர்களைச் சொல்கிறேன். இந்தக் கதை மற்ற டிசி தொடர்களுக்கு ஒரு வருடம் கழித்து நடக்கிறது, முடியும்போது மற்றவை வந்து சேர்ந்துகொள்ளும் என்றார்கள். கடைசியில் மற்ற தொடர்கள் தாண்டிப் போய்விட்டன, இது பின்னால் மூச்சிரைக்க வந்தது. எல்லாவற்றையும் இணைக்க வந்த கதை எதனோடும் ஒட்டாமல் நிற்கிறது. ஜூலை எங்கே, டிசம்பர் எங்கே?

நீலமனிதன்: அறிவித்தார்கள் என்பதற்கு இன்னும் பதில் இல்லை.

சிலந்திதாசன்: டிசி ரசிகர்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்வதைக் கேட்க எவ்வளவு இனிமை!

பழையகட்டு: வாங்க, உங்களைத்தான் காணோமே என்று பார்த்தேன். 'சீக்ரெட் வார்ஸ்' 8 இதழ் என்று சொல்லி 9 ஆக்கி, 2016 ஜனவரியில் முடித்தது உங்கள் மார்வெல் கம்பெனிதானே? அதற்குப் பிறகு நடப்பதாகச் சொன்ன புதுத் தொடர்கள் 2015 அக்டோபரிலேயே கடைக்கு வந்துவிட்டன. உலகம் பிழைத்துவிட்டது என்று தெரிந்த பிறகு, பிழைக்குமா என்று நகத்தைக் கடித்துக்கொண்டு படித்தீர்களே, அந்த இனிமையா?

சிலந்திதாசன்: அது ஹிக்மேன் எழுதியது. காத்திருக்கலாம்.

நீலமனிதன்: டூம்ஸ்டே கிளாக்கை ஜெஃப் ஜான்ஸ் எழுதினால் மட்டும் காத்திருக்கக்கூடாதா? நல்ல நியாயம்.

மசித்துளி: நான் மொத்தத் தொகுப்பாகத்தான் வாங்கினேன். ஒரே மூச்சில் படித்தேன். எந்தத் தாமதமும் தெரியவில்லை.

பழையகட்டு: காத்திருக்காதவர் காத்திருப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறார், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இதழுக்கும் முன்னால் பழைய இதழை எடுத்துப் புரட்டி, இந்த ஆள் யார், ஏன் ஓடுகிறான் என்று தேடியவனுக்குத்தான் தெரியும்.

சிலந்திதாசன்: ஞாபகசக்திக்கு மார்வெலும் டிசியும் பொறுப்பல்ல அண்ணே. அது இருக்கட்டும், மார்வெலின் 'சிவில் வார்' தொடரைப் பற்றிப் பேசியபோது கடைசி இதழ் முடிவைப் போட்டு உடைத்தது நீங்கள்தானே?

பழையகட்டு: பேச்சை மாற்றாதீர்கள். நீலமனிதன் ஜூலைக்குப் பதில் சொல்லட்டும்.

நீலமனிதன்: சொல்லியாகிவிட்டது. அறிவித்தார்கள்.

பழையகட்டு: டிசம்பர் என்று அறிவித்தார்களா?

மசித்துளி: அண்ணே, வாட்ச்மென் கடைசி இதழ்கூடத் தாமதமாகத்தான் வந்தது. அதையும் திட்டுவீர்களா?

பழையகட்டு: அதன் பெயரை இதோடு சேர்த்துச் சொல்ல வாய் கூசவில்லையா?

சிலந்திதாசன்: 'சிவில் வார்' விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.