கால்வாய்ப் பாதையில் சைக்கிளைக் கண்டால் பாயும் நாய்: சட்டம் என்ன, பழக்குவது எப்படி?

வெம்பிளி வாசி:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் பார்டர் கோலி கலப்பு நாய் ஒன்று இருக்கிறது, பெயர் ஜிம்மி, ஒன்றரை வயது. லண்டன் அல்பேட்டனில் ஈலிங் ரோட்டிலிருந்து இறங்கி, கிராண்ட் யூனியன் கால்வாய்க் கரையால் ஹோர்ஸெண்டன் குன்றுப் பக்கம் கூட்டிப் போவேன். ஆட்களைக் கண்டால் வாலாட்டுவான். மற்ற நாய்களோடும் சண்டை இல்லை. சைக்கிள் மட்டும் ஆகாது. பின்னாலிருந்து வேகமாக வந்தால் சக்கரத்தைப் பார்த்துப் பாய்கிறான். போன ஞாயிறு ஒருவர் சடாரென்று பிரேக் பிடித்துப் பற்றைப் பக்கம் சாய்ந்துவிட்டார். காயம் இல்லை, ஆனால் நன்றாகத் திட்டிவிட்டுப் போனார். கையில் இருந்தது இழுக்க இழுக்க நீளுகிற ஐந்து மீட்டர் லீட், அதாவது நாயைப் பிடிக்கிற கயிறு. இது நடக்கிறவர்களின் பாதை, சைக்கிள்காரர்தான் மெதுவாக வரவேண்டும் என்கிறார் என் கணவர். யார் சொல்வது சரி?

கரைநடை:
தங்கச்சி, உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. கால்வாய்க் கரையில் நடக்கிறவருக்குத்தான் முன்னுரிமை. இங்குள்ள சாலை விதிகளின் தொகுப்பான ஹைவே கோட்டின் 63ஆம் விதியும் சைக்கிளில் வருகிறவர் தேவையான இடத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும், நெருக்கமாகவோ வேகமாகவோ கடக்கக் கூடாது, மணி அடித்தோ குரல் கொடுத்தோ தான் வருவதைத் தெரியப்படுத்த வேண்டும் என்றுதான் சொல்கிறது.

மற்றப் பாதி 56ஆம் விதியில் இருக்கிறது. சைக்கிளோடு பகிரும் பாதையில் நாயைக் குட்டையான லீட்டில் பிடிக்கச் சொல்கிறது அது. அந்த விதியை மீறியதற்கென்று தனியாக வழக்கு வராது. ஆனால் ஒருவர் விழுந்து கை முறிந்து நஷ்டஈடு கேட்டால், நீதிமன்றத்தில் அதை எடுத்துக் காட்டலாம். அதோடு 1991ஆம் ஆண்டின் ஆபத்தான நாய்கள் சட்டம் இருக்கிறது. பெயரைப் பார்த்து அது பிட்புல் மாதிரி நாய்களுக்குத்தான் என்று எங்கள் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். அதன் 3ஆம் பிரிவு எந்த இன நாய்க்கும் பொருந்தும். கடிக்கவே தேவையில்லை. கடித்துவிடும், காயப்படுத்திவிடும் என்று ஒருவர் நியாயமாகப் பயப்படும்படி நாய் நடந்தாலே போதும். ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால் ஐந்து வருடம் வரை சிறை. இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. செல்லப்பிராணி இன்சூரன்ஸ் எடுத்திருந்தால், மற்றவருக்கு ஏற்படும் சேதத்தையும் அது ஏற்குமா என்று இன்றைக்கே பாருங்கள்.

அந்த நீளும் லீட்டை முதலில் வீட்டில் வையுங்கள். நானும் அந்தக் கரையில் சைக்கிள் ஓட்டுகிறவன் என்பதால் சொல்கிறேன், அந்த மெல்லிய நூல் சைக்கிளில் இருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. மணி கேட்டதும் நீங்கள் பற்றைப் பக்கம் ஒதுங்குவீர்கள், நாய் தண்ணீர்ப் பக்கம் போகும். இரண்டுக்கும் நடுவில் முழங்கால் உயரத்தில் பாதைக்குக் குறுக்கே நூல். சைக்கிள்காரர் இடைவெளி கிடைத்தது என்று நம்பி அதற்குள்தான் வருவார். ஒன்றரை மீட்டர் சாதாரண நாடா லீட் போதும். நாயும் நீங்களும் எப்போதும் ஒரே பக்கம். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஜிம்மி கெட்டவன் இல்லை. ஓடுகிற ஆட்டை வளைத்துத் திருப்பத்தான் அந்த இனத்தையே வளர்த்தெடுத்தார்கள், சக்கரம் சுற்றுவதைக் கண்டால் அவனுக்குச் சும்மா நிற்க முடியாது. அவன் பாய்கிறான், சைக்கிள் போய்விடுகிறது. நான் துரத்தினேன், அது ஓடிவிட்டது என்று ஒவ்வொரு முறையும் அவனுக்கு வெற்றிதான். அதனால் ஏசித் திருத்த முடியாது. பாய வாய்ப்பே கிடைக்காத தூரத்தில் வைத்துப் பழக்க வேண்டும். பூங்காவில் சைக்கிள் பாதையிலிருந்து நன்றாகத் தள்ளி, அவன் சைக்கிளைப் பார்த்தும் பதறாத தூரத்தில் நில்லுங்கள். சைக்கிளைக் கண்டவுடன் அவித்த கோழித்துண்டு ஒன்று. அது போனதும் கோழியும் நிற்க வேண்டும். கொஞ்ச நாளில் சைக்கிளைப் பார்த்துவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பான். அப்போது இரண்டு எட்டு கிட்டப் போகலாம். காதை முன்னுக்கு நீட்டி, உடம்பைப் பதித்து, முறைத்தபடி நின்றால் கிட்டப் போனது அதிகம் என்று அர்த்தம், பின்னுக்கு வாருங்கள்.

காலைச் சைக்கிள்:
நான் தினமும் அந்தக் கரையால் பாடிங்டன் பக்கம் வேலைக்குப் போகிறேன். எங்கள் பக்கத்துத் தவறையும் சொல்ல வேண்டும். பலர் நாயின் வாலுக்குப் பின்னால் வந்துதான் மணி அடிக்கிறார்கள். அது நாயையும் திடுக்கிட வைக்கிறது, ஆளையும் திடுக்கிட வைக்கிறது. தூரத்திலேயே ஒருமுறை அடித்து, அவர் திரும்பிப் பார்த்து நாயைப் பிடிக்கும்வரை நடக்கிற வேகத்தில் வந்தால் இந்தக் கதையில் பாதி நடக்காது. அக்கா, லீட்டைச் சுருக்கியதும் கையைக் காட்டி ‘வாங்கோ’ என்று சைகை செய்யுங்கள். எங்களுக்கு அது பெரிய உதவி.

வெம்பிளி வாசி:
மிக்க நன்றி அண்ணை, தம்பி. குட்டை லீட் இன்றைக்கே வாங்குகிறேன். ஒரே பக்கம் என்றால் எந்தப் பக்கம்? தண்ணீர்ப் பக்கமா, பற்றைப் பக்கமா? பாலத்துக்குக் கீழே ஒதுங்க இடமே இல்லையே?

கரைநடை:
பற்றைப் பக்கம். அவன் பற்றையோடு, நீங்கள் அவனுக்கும் சைக்கிளுக்கும் நடுவில். தண்ணீர்ப் பக்கம் நின்றால் அவன் திமிறும்போது நீங்களும் சேர்ந்து உள்ளே போகலாம். பாலத்துக்கு முன்பே நின்று, லீட்டைச் சுருக்கி, மறுபக்கம் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். யாராவது வந்தால் அவரை முதலில் விடுங்கள். முன்னங்கால்களுக்கு நடுவே, நெஞ்சில் வளையம் உள்ள ஹார்னஸ் (உடம்பில் மாட்டும் பட்டி) வாங்கினால் அவன் பாயும்போது உடம்பு உங்கள் பக்கமே திரும்பிவிடும், கழுத்தும் நெரியாது. கழுத்துப்பட்டியைக் கழற்ற வேண்டாம், உங்கள் பெயரும் முகவரியும் உள்ள தகடு வெளியில் போகும்போது இருக்க வேண்டும் என்பது சட்டம். வேலைக்குப் போகிறவர்கள் பறக்கிற காலை நேரத்தில், அவன் பழகும்வரை, கரைப் பக்கம் போகாதீர்கள். குன்றின் புல்வெளியில் பந்து எறிந்து ஓடவிடுங்கள். அந்த இனத்துக்கு ஓட்டம் கட்டாயம் வேண்டும்.