கறுப்பு வெல்வெட் அங்கியில் தோள்பைத் தடம் போகவில்லை

இங்கிலாந்தில் லீட்ஸில் இருக்கிறேன். ஹாலோவீனுக்கு மட்டுமல்ல, வருடம் முழுக்க எனக்குக் கோதிக் உடைதான், அதாவது கறுப்பு நிறத்தில் பழங்காலப் பாணி உடை. மூன்று வாரத்துக்கு முன் விட்பி என்ற கடலோர ஊரில் மடாலய இடிபாடுகளைப் பார்க்க 199 படி ஏறும்போது நல்ல மழை. தோள்பை அழுத்திய இடத்தில் வெல்வெட் இழை படுத்துவிட்டது. விரல் அகலத்துக்குப் பளபளவென்று ஒரு கோடு, சாய்த்துப் பார்த்தால் சாம்பல் நிறம்.

துணி விஸ்கோஸ் (மரக்கூழிலிருந்து செய்யும் ரேயான் இழை) வெல்வெட், உள்ளே சாட்டின் லைனிங். வெந்நீர் ஆவி நிறைந்த குளியலறையில் தொங்கவிட்டேன். அப்புறம் உள்பக்கமாக ஸ்டீமர் காட்டி, குழந்தைகளுக்கான மென்மையான பிரஷால் நீவினேன். முதுகுப்பக்கம் நிமிர்ந்தது, தோளில் அசையவே இல்லை. டிரைகிளீனிங் கடையில் விஸ்கோஸ் என்றதும் வாங்க மறுத்துவிட்டார்கள். இஸ்திரி வைக்க மனம் வரவில்லை, அவ்வளவு பிடித்த அங்கி.

படுத்துப்போன விஸ்கோஸ் இழையை வீட்டிலேயே நிமிர்த்த வேறு என்ன செய்யலாம்?